கண்ணாடி அலமாரியில் அறுபது

மூச்சுக்குத் தவிக்கிற மனுஷனுக்கு வந்த மருந்தைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியவள் என்று எங்கள் சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. என் காதுபடவே சொல்கிறார்கள். சொல்லட்டும். பூட்டியது நான்தான். சாவி என் தாலிச் சங்கிலியில்தான் கோர்த்திருந்தது. ஆனால் பாதிக் கதையைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். மீதியையும் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

முதலில் அந்த அலமாரி. எண்பத்தேழில் ஃபிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, இந்தியர் வீடு என்று எங்கள் கூரைமேல் இரண்டு நாள் கல் விழுந்தது. மறுவருஷமே என் ஒரே மகள் ஊர்மிளா, மருமகன் சதேந்திராவோடு சிட்னிக்குப் போய்விட்டாள். அவள் மட்டுமா? எங்கள் ஊர் வுனிமோனோவில் வீட்டுக்கு ஒருவர் கிளம்பினார்கள். போனவர்கள், ஊருக்கு யார் வந்தாலும் அவர்கள் பெட்டியில் நமக்கென்று ஏதாவது கொடுத்தனுப்புவார்கள். சோப்பு, சென்ட், கங்காரு போட்ட துவாலை, கண்ணாடிக் கிண்ணம், பிஸ்கட் டின். அதை எடுத்து உபயோகிக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. முன்னறையில் கண்ணாடி அலமாரி ஒன்று செய்து, அதில் அடுக்கிப் பூட்டி, வெள்ளிக்கிழமை தவறாமல் தூசி துடைப்போம். வருகிறவர்கள் அலமாரியைப் பார்த்தே அந்த வீட்டுப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். சோப்பைத் தேய்த்துத் தீர்த்துவிட்டால் பிள்ளை அனுப்பினதற்கு என்ன அடையாளம்? இது பைத்தியக்காரத்தனம் என்று இப்போது தெரிகிறது. அப்போது அதுதான் மரியாதை.

என் வீட்டுக்காரர் அப்பாசாமி கேலி செய்வார். "அந்தத் துவாலையில மூஞ்சி தொடச்சா கங்காரு குதிச்சி ஓடிப்பூடுமா?" என்பார். ஆனால் ஒரு நாளும் அலமாரியைத் திற என்று சொன்னதில்லை.

அவருக்கு நெஞ்சு வியாதி. இருபத்திரண்டு வருஷம் அரிசி ஆலையில் உமித் தூசிக்குள் நின்றார். அதை விட்டு நிலத்தில் மரவள்ளியும் கத்தரியும் போட்டபோது வாயில் எந்நேரமும் சுலுக்கா. நாட்டுப் புகையிலையைச் செய்தித்தாளில் சுருட்டிப் பிடிக்கிற அந்தச் சனியனை விடச் சொல்லி நான் கத்தின கத்தலில் எங்கள் மாடுகளே பயந்து பால் சுரக்காது. அறுபத்திரண்டு வயதில் விட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நாலு வேலி தாண்டி நடந்தால் இழுப்பு வந்துவிடும். ஆஸ்பத்திரியில் நீல நிறத்தில் ஒரு பம்ப் கொடுத்தார்கள். வாயில் வைத்து அமுக்கினால் ஐந்து நிமிஷத்தில் இழுப்பு இறங்கும். நாங்கள் அதை நீலம் என்றே சொல்வோம். அது எப்போதும் சமையலறை ஜன்னல் கட்டையில் இருக்கும்.

தொண்ணூற்றொன்பதில் ஊர்மிளா எங்கள் இருவரையும் சிட்னிக்குக் கூப்பிட மனுப் போட்டாள். போட வைத்தது நான். பேத்திகள் இரண்டு பேரையும் ஒரே ஒரு தடவைதான் நேரில் பார்த்திருக்கிறேன். அதைவிட, கல் விழுந்த நாளிலிருந்து எனக்கு அந்த வீட்டில் நிம்மதி இல்லை. பன்னிரண்டு வருஷம், நாய் குரைத்தால் எழுந்து உட்காருவேன். அவரைக் கேட்டால், "போவலாம், போவலாம்" என்பார். மாட்டேன் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அந்தப் 'போவலாம்' எப்படிப்பட்டது என்று யோசிக்க எனக்குப் புத்தியில்லை.

நவம்பரில் விசாவுக்கு உடம்பைப் பார்க்கிற டாக்டரிடம், தலைநகர் சுவாவுக்குப் போனோம். எனக்கு ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார். இவரை ஒரு குழாயில் ஊதச் சொன்னார். மூன்று தடவை ஊதினார். மூன்றாவது தடவை கண் பிதுங்கி, மேஜையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் காகிதத்தைப் பார்த்து, இவரைப் பார்த்து, இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். எனக்கு இங்கிலீஷ் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான். இவர் ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர், நன்றாகவே படிப்பார், பேசுவார்.

பஸ்ஸில் கேட்டேன். "டாக்டரு அவ்ளோ நேரம் இன்னா சொன்னாரு?"

"இப்போ எழுதித் தர முடியாதாம். ஜூன் கடைசில வந்து திரும்பி ஊதணுமாம். மூச்சு கொஞ்சம் ஏறியிருந்தா விடுவாங்களாம்."

"ஏறலன்னா?"

"ஏறலன்னா இல்ல."

நான் எங்கள் டவுன் நவுசோரி வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். அவர் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவரை விட்டுவிட்டு நான் மட்டும் போகிற ஆள் இல்லை, அது அவருக்கும் தெரியும். எல்லாம் அவருடைய மூச்சில் இருந்தது.

டிசம்பரில் சதேந்திராவின் அண்ணன் ரவீந்திரா விடுமுறைக்கு வந்தார். அவர் பெட்டியில் ஊர்மிளா ஆறு மருந்துப் பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தாள். அட்டைப் பெட்டிக்குள் வெள்ளிக் காகித உறை, உறைக்குள் வட்டமாகப் பச்சை நிறத்தில் ஒரு டப்பா. என் வீட்டுக்காரர் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். பக்கத்தில் சின்னதாக ஒரு சன்னல், அதில் 60 என்று எண். உள்ளே அறுபது வேளை மருந்து இருக்கிறது, ஒரு தடவை இழுத்தால் ஒன்று குறையும் என்றார். அன்றைக்கே ஊர்மிளா போன் செய்தாள். இவர்தான் எடுத்தார். ரொம்ப நேரம் "ஹாங், ஹாங்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா சொன்னா?" என்றேன்.

"ரொம்ப பவர் மருந்தாம். ஒரு தரம் இழுத்தா பன்னெண்டு மணி நேரம் நிக்குமாம். பத்திரமா வெச்சிக்கணும்னா."

பன்னிரண்டு மணி நேரம். நீலம் இழுத்தால் நாலு மணி நேரம்கூடத் தாங்காது. அப்படியென்றால் இது எவ்வளவு பெரிய மருந்து. மகள் கடல் தாண்டி அனுப்பினது, ஆறே ஆறு இருப்பது. இதைக் கண்டபடி தீர்த்துவிட்டு, உயிர் போகிற நேரத்தில் என்ன செய்வது? நானே சொன்னேன். "சாதாரண இழுப்புக்கு நீலமே போதும். இது ஆபத்துக்கு இருக்கட்டும்."

அவர் பிரித்த டப்பாவை என்னிடம் நீட்டினார். "நீ சொன்னா சரி" என்றார்.

ஆறையும் கண்ணாடிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். பிரித்த ஒன்றை உறை இல்லாமல், 60 வெளியே தெரிகிற மாதிரி நடுவில் வைத்தேன். அலமாரிக்கே ஒரு களை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை துடைக்கும்போது எண்ணைப் பார்ப்பேன். அறுபது. ஆபத்துக்கு அறுபது இருக்கிறது என்று மனசு நிறையும். மாதம் ஒரு தடவை ஊர்மிளா போனில் கேட்பாள். "அம்மா, அப்பா தவா லேத்தா?" மருந்து எடுக்கிறாரா என்று. தமிழ் அவளுக்கு வராது, ஃபிஜி இந்தியில்தான் பேசுவாள். நான் நீலத்தை நினைத்துக்கொண்டு "ஹாங், ரோஜ் லேத்தா" என்பேன். தினமும் எடுக்கிறார். பொய்யில்லை. ஒரு நாளைக்கு நீலத்தை ஆறு தடவை, எட்டுத் தடவை அமுக்கிக்கொண்டிருந்தார். மார்ச் மாதத்துக்கு மேல் கொட்டிலுக்குப் போய் மாட்டைக் கட்டிவிட்டு வரவே இரண்டு இடத்தில் உட்கார்ந்தார்.

மே பத்தொன்பது, வெள்ளிக்கிழமை. நான் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரேடியோவில் பாட்டை நிறுத்தினார்கள். துப்பாக்கியோடு பாராளுமன்றத்துக்குள் புகுந்து, எங்கள் இனத்துப் பிரதமரையும் மந்திரிகளையும் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றார்கள். சுவாவில் கடைகள் எரிகின்றன என்றார்கள். நான் துடைத்த துணியைக் கையில் வைத்தபடியே நின்றேன். எனக்கு எண்பத்தேழில் விழுந்த கல் ஒவ்வொன்றின் சத்தமும் திரும்பக் கேட்டது.

"பாத்தீங்களா?" என்றேன். "நான் சொல்லல?"

"நம்ம கிட்ட யாரு வருவா?" என்றார். "எல்லாரும் தெரிஞ்சவங்க."

முதல் வாரத்தில் மேல்பக்கத்து வீட்டு மாடு இரண்டு களவு போயிற்று. அடுத்து எங்கள் மாடு ஒன்று. போலீசுக்குப் போன் செய்தால் வண்டி இல்லை என்றார்கள். ஜூன் முதல் திங்கட்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மெரெசெய்னி, தண்ணீரில் இறங்கியே ஓடி வந்தாள். ஃபிஜிக்காரி, அந்த மண்ணின் பூர்வகுடி, என் வயதுக்காரி, இருபது வருஷமாக எனக்கும் அவளுக்கும் உப்பிலிருந்து மிளகாய் வரை கொடுக்கல் வாங்கல். "தீதி, பாகோ" என்றாள். அக்கா, ஓடுங்கள். "ரோட்டில் வருகிறார்கள். நிறையப் பேர். கத்தி வைத்திருக்கிறார்கள். பின்பக்கமாக ஓடுங்கள்."

ஓடுகிறதுக்கு முன்னால் மனுஷி எதை எடுப்பாள்? பாஸ்போர்ட் அலமாரிக்கு மேலே தகரப் பெட்டியில் இருந்தது. நகை அரிசிப் பானைக்குள் இருந்தது. நான் இரண்டையும் எடுக்கவில்லை. சங்கிலியிலிருந்த சாவியால் கண்ணாடி அலமாரியைத் திறந்து, நடுவில் இருந்த பச்சை டப்பாவை எடுத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டேன். அப்படியும் அலமாரியைத் திரும்பப் பூட்டினேன். கைப் பழக்கம். நீலம் ஜன்னல் கட்டையிலேயே இருந்தது. அதன் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆபத்துக்குத்தான் என்னிடம் பெரிய மருந்து இருக்கிறதே.

மரவள்ளித் தோட்டம் வீட்டிலிருந்து நூறு கஜம். மெரெசெய்னி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினோம். முதல் நாள் மழையில் மண் சேறாகியிருந்தது. தோட்டத்துக்குள் போய் விழுந்ததும் அவருக்கு இழுப்பு பிடித்துக்கொண்டது. நான் அதுவரை எத்தனையோ இழுப்பைப் பார்த்திருக்கிறேன். இது அப்படி இல்லை. கழுத்துக் குழி உள்ளே போய் உள்ளே போய் வந்தது. வாயைத் திறந்து காற்றைக் கடிக்கிற மாதிரி கடித்தார், காற்று உள்ளே போகவில்லை.

நான் பச்சையை எடுத்தேன். ஐந்து மாதமாகத் துடைத்த பொருளை எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கட்டைவிரலால் தள்ளியதில் மூடி நகர்ந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கைப்பிடி. அதை நகர்த்தினேன், டக் என்றது. அறுபது போய் ஐம்பத்தொன்பது வந்தது. அவர் வாயில் வைத்து, "இழுங்க" என்றேன். இழுக்க அவரிடம் மூச்சு எங்கே இருக்கிறது? நீலம் என்றால் அமுக்கினால் தானாகப் பாயும். இது நாம் இழுத்தால்தான் வரும். கொஞ்சம் இழுத்தார். ஒன்றும் ஆகவில்லை. திரும்ப ஒரு டக். ஐம்பத்தெட்டு. ஒன்றும் ஆகவில்லை. உதடு நாவல்பழம் தின்ற நிறத்துக்குப் போய்விட்டது. ஐம்பத்தேழு.

வீட்டுப் பக்கமிருந்து கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. அது எந்தக் கண்ணாடி என்று எனக்குத் தெரியும்.

அவர் என் கையைத் தள்ளினார். "நீலம்" என்றார். சத்தம் வரவில்லை, உதடுதான் அசைந்தது.

"இது அதவிடப் பெரிசு. இன்னொரு தரம் இழுங்க."

தலையை ஆட்டினார். "இது... இப்போ... ஆவாது."

ஆகாது என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று அப்போது நான் கேட்கவில்லை. மெரெசெய்னியிடம் ஜன்னல் கட்டையில் நீல பம்ப் இருக்கிறது என்றேன். அவள் எழுந்து, நேராக, நடந்தே போனாள். ஓடினால் சந்தேகப்படுவார்கள் என்று பின்னால் சொன்னாள். அத்தனை பேர் சாமான்களை வாரிக்கொண்டிருந்த வீட்டுக்குள் போயிருக்கிறாள். அவர்களில் ஒருவன் அவளுடைய சொந்தத் தங்கை மகன். என் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு நின்றவனை, உன் தாய் முகத்தில் எப்படி விழிப்பாய் என்று அவர்கள் பாஷையில் கேட்டுவிட்டு, ஜன்னல் கட்டையிலிருந்து நீலத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பத்து நிமிஷம் நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மாரியம்மனைக் கும்பிடக்கூட வாய் வராமல், ஐம்பத்தேழு, ஐம்பத்தேழு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீலத்தை நாலு தடவை அமுக்கினோம். கொஞ்சம் இழுப்பு இறங்கியது. சாயங்காலத்துக்குள் மெரெசெய்னியின் புருஷன், சர்ச் லாரியில் எங்களை மீன் கூடைகளுக்குப் பின்னால் உட்கார வைத்துச் சுவா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

மறுநாள் காலையில் அவர் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு கண்ணை மூடிப் படுத்திருந்தார். பிழைத்துக்கொள்வார் என்றார்கள். எங்கள் இந்தியப் பெண் ஒருத்தி அங்கே டாக்டராக இருந்தாள், சின்ன வயது. என் கையில் இருந்த பச்சை டப்பாவைப் பார்த்தாள். வாங்கித் திருப்பி எண்ணைப் பார்த்தாள்.

"ஆண்ட்டி, இது எப்போ வந்தது?" ஃபிஜி இந்தியில் கேட்டாள்.

"டிசம்பரில். இந்த மாதிரி ஆறு."

"மீதி ஐந்தும் தீர்ந்துவிட்டதா?"

"இல்லை. அப்படியே அலமாரியில் இருக்கிறது. இருந்தது."

அவள் டப்பாவை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு என்னை நாற்காலியில் உட்கார வைத்துச் சொன்னாள். இந்த மருந்து இழுப்பை நிறுத்துகிற மருந்து இல்லை. இது வேலை செய்ய ஆரம்பிக்கவே இருபது நிமிஷம், அரைமணி ஆகும். ஆரம்பித்தால் பன்னிரண்டு மணி நேரம் மூச்சுக் குழாயைத் திறந்தபடி வைத்திருக்கும். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, இழுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் இழுக்க வேண்டும். ஆபத்துக்கு நீலம்தான். "ஒரு டப்பா ஒரு மாதத்துக்கு. இந்நேரம் ஆறாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஆண்ட்டி. தினமும் எடுத்திருந்தால் நேற்று இவ்வளவு மோசமாகப் போயிருக்காது. நீங்கள் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள்."

அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது, ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் நான் துடைத்தது அவர் மூச்சை. பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் என்றதைப் பிடித்துக்கொண்டு, எத்தனை மணிக்கு என்று கேட்கத் தோன்றவில்லையே எனக்கு. கொன்றுவிட்டேன், கொஞ்சத்தில் தப்பினார், ஆனால் கொன்றவள் நான்தான் என்று நினைத்தேன். நாற்காலியிலிருந்து எழுந்து அவர் கட்டிலுக்குப் போனேன். கால்மாட்டில் நின்று அவர் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டேன்.

"நான் பாவி" என்றேன். "தெரியாம பூட்டி வெச்சிட்டேன். நான் படிக்காதவ. டாக்டரு இப்பத்தான் சொல்லுது. என்னை மன்னிச்சிடுங்க."

அவர் கண்ணைத் திறந்தார். கையால் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினார்.

"நீ இன்னாத்துக்கு அழுவற. எனக்குத் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. பொட்டில காகிதம் இருந்துச்சி, அன்னிக்கே படிச்சேன். ஊர்மிளா போன்ல ரெண்டு தரம் சொன்னா. நவம்பர்ல அந்த டாக்டரும் தெனம் மருந்து எடுன்னுதான் சொன்னான்."

எனக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. அவர் பாதத்தைப் பிடித்த கை அப்படியே இருந்தது.

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவர் மாஸ்க்கை வைத்து இரண்டு மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப எடுத்தார். "இழுத்தா மூச்சு நல்லா ஏறும். ஏறினா ஜூன்ல எழுதிக் குடுத்துடுவான். எழுதிக் குடுத்தா போவணும்." கொஞ்சம் நிறுத்தினார். "நீயே எடுத்து அலமாரில வெச்சிட்ட. எனக்கு ஒண்ணும் செய்ய வேண்டியே இல்லாமப் பூட்டுது."

முப்பத்தெட்டு வருஷம் அந்த மனுஷனுக்குச் சமைத்துப் போட்டிருக்கிறேன். அவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் என்ன நினைக்கிறார் என்று சொல்லுவேன் என்று பீற்றிக்கொண்டவள் நான். என்னோடு பேருக்குச் சுவாவுக்கு வந்து, பேருக்குக் குழாயில் ஊதி, 'போவலாம், போவலாம்' என்று சொல்லிக்கொண்டே, தன் மூச்சைத் தானே திருகி அடைத்து வைத்திருந்திருக்கிறார். என் அலமாரியையும் என் பூட்டையும் என் மடத்தனத்தையும் வைத்தே அதைச் செய்திருக்கிறார். நான் வெள்ளிக்கிழமை அறுபதைப் பார்த்துச் சந்தோஷப்படும்போது, பின்னால் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"செத்திருந்தீங்கன்னா?" என்றேன்.

"வுனிமோனோல செத்திருப்பேன்."

"நான்?"

அவர் மாஸ்க்கைத் திரும்ப முகத்தில் வைத்துக்கொண்டார். அந்த வார்டில் இருபது கட்டில். நாங்கள் பேசிய தமிழ் ஒருத்தருக்கும் புரியாது. அதனால் நான் நினைத்ததையெல்லாம் சத்தமாகவே சொன்னேன். எழுத்தில் போட முடியாததையும் சொன்னேன். "மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்ல வாய் இல்லையா உனக்கு?" என்று கேட்டேன். கலியாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாக அவரை 'நீ' என்றேன். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். நர்ஸ் வந்து என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். நடைவழி பெஞ்சில் உட்கார்ந்தேன். அழுகைகூட வரவில்லை.

அவர் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேனா? விட்டிருக்க மாட்டேன். கல் விழுந்த கதையைத் தினமும் மூன்று வேளை பரிமாறியிருப்பேன். அது எனக்கும் தெரியும். தெரிந்தாலும் மனசு ஆறவில்லை.

புதன்கிழமை மத்தியானம் மெரெசெய்னி வந்தாள். வேறு வழியில்லாமல் அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் அவர் கட்டிலுக்குப் போனேன். அவள் கையில் சேறு காய்ந்த ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. அவர்தான் முதலில் கேட்டார்.

"மாடு?"

"இல்லை, பையா." அவரை அவள் அப்படித்தான் அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவாள்.

"வீடு?"

அவள் என்னைப் பார்த்தாள். "தகரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பிறகு கொளுத்திவிட்டார்கள்."

"மரவள்ளி?"

"பிடுங்கிவிட்டார்கள். முற்றாததையும் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள்."

வீடு எரிந்தது என்று கேட்டபோது அவர் முகம் மாறவில்லை. முற்றாததையும் பிடுங்கினார்கள் என்றதும் கண்ணை மூடிக்கொண்டார். தெரிந்தவர்கள்தான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். தெரியாதவன் விளைந்ததை எடுத்துக்கொண்டு போவான். இந்த வருஷம் யாரும் இங்கே சாப்பிடக் கூடாது என்று நினைக்கிறவன்தான் பிஞ்சைப் பிடுங்குவான்.

மெரெசெய்னி பையைக் கட்டில்மேல் கொட்டினாள். எங்கள் பாஸ்போர்ட் இரண்டு, ஓரம் கருகியிருந்தன. காமாட்சி விளக்கு. பிறகு வாய்க்காலில் கிடந்தது என்று மூன்று பொட்டலம். வெள்ளிக் காகித உறை கிழியாமல், சேற்றோடு. மற்ற இரண்டும் கிடைக்கவில்லை. சாப்பிடுகிற பொருள் என்று நினைத்து எடுத்து, இல்லை என்று தெரிந்ததும் எறிந்திருப்பார்கள். நான் உறைகளைத் துடைத்தேன். துடைக்கும்போதே என் கையைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது, நிறுத்திவிட்டேன்.

அவள் போன பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நானும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். டீ வந்தது, இருவரும் குடிக்கவில்லை. டாக்டர் பெண் வந்து, பச்சையை எப்படி இழுப்பது என்று அவருக்குக் காட்டிவிட்டு, விருப்பமிருந்தால் சாயங்காலத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று சொல்லிப் போனாள். அவர் தலையைக்கூட ஆட்டவில்லை. கேட்கவும் கூடாது, கெஞ்சவும் கூடாது என்று நான் முடிவு செய்திருந்தேன். மூச்சு அவருடையது.

வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. என் தோளுக்குப் பக்கத்தில் அவர் கை நீண்டது, உள்ளங்கை மேலே பார்த்தபடி.

"இன்னா?" என்றேன்.

"மணி ஆறாவல?"

டப்பாவைக் கையில் வைத்தேன். மூடியைத் தள்ளினார். கைப்பிடியை நகர்த்தினார், டக் என்றது. டாக்டர் சொன்னபடி முகத்தைத் திருப்பி முதலில் மூச்சை வெளியே விட்டார். பிறகு வாயில் வைத்து, மெதுவாக, ஆழமாக இழுத்தார். பத்து எண்ணுகிற வரைக்கும் மூச்சை உள்ளே பிடித்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் இறங்கி மாஸ்க் தடத்தில் நின்றது. மருந்தால் வந்த தண்ணீரா என்று நான் கேட்கவில்லை.

சன்னலைப் பார்த்தேன். ஐம்பத்தாறு.

"ஜூனு முடியாது" என்றார். "அந்த டாக்டர் கிட்ட ஆகஸ்டுக்கு தேதி கேளு. ரெண்டு மாசம் ஒழுங்கா இழுத்தா ஊதிடுவேன்."

நான் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன்.

"ஊர்மிளாவுக்குப் போன் பண்ணு. மருந்து அனுப்பறேன்னுவா. வேணாம்னு சொல்லு. இது தீர்றதுக்குள்ள நாங்களே அங்க வந்து வாங்கிக்கறோம்னு சொல்லிடு."

பன்னிரண்டு வருஷமாக அவர் வாயிலிருந்து வரவேண்டும் என்று நான் காத்திருந்த வார்த்தை. வந்துவிட்டது. ஆனால் எனக்கு அந்தப் பிடுங்கிப் போட்ட மரவள்ளிப் பிஞ்சுகள்தான் கண்ணில் நின்றன. அவரைத் தேற்ற வேண்டும் என்று எழுந்தவள், அவர் தோளில் தலையை வைத்து அழுதுவிட்டேன். அவர் மூடியைத் தள்ளி மூடி, டப்பாவைத் திரும்ப என்னிடம் தரவில்லை. தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"காலைல ஆறு மணிக்கு எழுப்பு" என்றார்.